நீலத்துக்கு ஐந்து

மார்ச் 2, ஞாயிறு

தோற்றேன். நெதர்லாந்து தேசிய ஸ்னூக்கர் போட்டி, அரையிறுதி, ஐந்துக்கு நான்கு. கடைசி ஆட்டத்தில் ஒரு பழுப்புப் பந்து குழியின் வாயில் நின்று யோசித்தது. உள்ளே போகவில்லை. மிச்சப் பந்துகளை எதிரே ஆடிய டிலக்சன் துடைத்து எடுத்தான். பிற்பகல் இறுதிப் போட்டியையும் வென்று கோப்பையை வாங்கினான்.

திரும்பும்போது கீஸின் கார். கீஸ் எங்கள் கிளப்பின் சொந்தக்காரர். ஹெல்மண்டில் கம்பளக் கடைக்கு மேலே ஐந்து மேசை. முன் இருக்கையில் கோப்பை, பின் இருக்கையில் நானும் டிலக்சனும். கோப்பைக்குச் சீட் பெல்ட் போட்டிருந்தார்.

"நீ தலையைத் தூக்கினாய்" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்து டச்சில் சொன்னார். "அடிக்கும் முன்பே பந்து போகிறதா என்று பார்த்தாய். தினமும் எழுது. என்ன ஆடினாய், எங்கே பிழைத்தாய். ஆட்டம் திருந்தும்."

எழுதுகிறேன். கீஸுக்குப் புரியக்கூடாது என்பதற்காகத் தமிழில். டிலக்சனுக்குப் புரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் உட்கார்ந்துதான் அவனும் எழுதப் பழகினான். ஆகவே வீட்டில் வைத்து எழுதுகிறேன்.

நான் தலையைத் தூக்கவில்லை. யாரோ இருமினார்கள்.

மார்ச் 5, புதன்

வேலை. களஞ்சியத்தில் பெட்டி எடுத்து அடுக்கும் மாலை ஷிஃப்ட். காலையில் பயிற்சி, மேசை ஐந்து. அந்த மேசை இடது மூலைக்குச் சரிந்திருக்கிறது. மெதுவாக விட்ட பந்து எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

மேசை இரண்டின் விளக்குச் சாவியைக் கீஸ் டிலக்சனிடம் கொடுத்துவிட்டார். ஜன்னலோரம், புதுத் துணி, கீழே சூடாக்கி. "மே மாதம் வரைக்கும்தான், அருண்" என்றார். மே மாதம் டிலக்சன் இங்கிலாந்துக்குப் போகிறான். தகுதிப் போட்டி. அதில் தேறினால் இரண்டு வருடம் தொழில்முறை ஆட்டக்காரன். இந்த நாட்டிலிருந்து ஒருவனைத்தான் சம்மேளனம் அனுப்பும். அனுப்பப்படுகிறவன் தேசியச் சாம்பியன்.

என் பெயர் அருண் இல்லை. ஆரூரன். பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிலக்சனை மட்டும் எல்லோருக்கும் சொல்ல வருகிறது. டச்சுக்காரர் வாயில் அது "டீலக்ஸ்" ஆகிவிட்டது. கிளப் வாசலில் போஸ்டரும் அப்படித்தான்: ஹெல்மண்டின் டீலக்ஸ். ஒரு பெயர் விளம்பரமாகவே பிறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பத்திரிகைக்காரி வந்தாள். உள்ளூர்ப் பத்திரிகை. எங்கள் இருவரையும் மேசை இரண்டருகில் நிறுத்திப் படம் எடுத்தாள். பிறகு டிலக்சனிடம் கேள்வி. முதல் கேள்வி ஆட்டம் பற்றி. இரண்டாவது: "நீ எங்கிருந்து?"

"ஹெல்மண்ட்" என்றான்.

"இல்லை, உண்மையில் எங்கிருந்து?"

"உண்மையில் மேசை இரண்டிலிருந்து." சிரித்தான். அவளும் சிரித்தாள். கீஸும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். இந்தக் கால்வாயில் விழுந்து எழும்பினவன். அவளுக்கு என்ன தெரிந்தாக வேண்டும்? நீ யார் என்று கேட்பதில்லை இவர்கள். உன்னை எந்தப் பெட்டியில் போடுவது என்று கேட்கிறார்கள். பெட்டியில் போட்டபின் நீ எப்படி ஆடினாலும் பெட்டிதான் ஆடும். பள்ளிக்கூடத்தில், வீடு வாடகைக்குக் கேட்ட இடத்தில், களஞ்சியத்தில், எங்கேயும் இதே கேள்வி. இந்தக் கேள்வி கேட்கிறவன் வாயில் கியூக் கோலுக்குப் பூசுகிற சாக்கை அப்ப வேண்டும் என்று வெளியே வந்து டிலக்சனிடம் சொன்னேன்.

"விடு மச்சான்" என்றான். "பதில் தெரிஞ்சா அவளுக்கு என்ன வரப்போகுது?"

கோபப்படக்கூடத் தெரியாதவன். அவனுக்குப் பதிலாக நான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

படம் வந்தது. டிலக்சன் கியூவோடு நிற்கிறான். அவனுக்கு இடது பக்கம் ஒரு முழங்கை. அது நான்.

மார்ச் 15, சனி

அம்மாவுக்குத் தையல் வேலை வந்திருக்கிறது. குணநாயகம் அங்கிள் கொண்டுவந்து கொடுத்தார். அவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், குணம் ஸ்டோர்ஸ் முதலாளி. ஒரு கறுப்பு வெயிஸ்ட்கோட், ஒரு மயில். கடையின் சின்னமான மயிலைப் பொன் நூலில் வேலை செய்து வட்டத் துண்டாக எடுப்பித்திருக்கிறார். அதை நெஞ்சுப் பக்கம் தைக்க வேண்டும். டிலக்சன் அதைப் போட்டுக்கொண்டு இங்கிலாந்தில் ஆடுவான், உலகம் மயிலைப் பார்க்கும்.

"சித்திரை விழாவில அவனை மேடையேத்திப் பொன்னாடை போத்துறம்" என்றார் அங்கிள். "எங்கட பெடியன் ஒருத்தன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். இங்கிலாந்துச் செலவும் சங்கம்தான். தம்பி, நீயும் அவனோட விளையாடுறனீதானே?"

"ஓம்" என்றேன்.

"ஆ, நல்லம்" என்றார்.

இதே ஆள்தான் எனக்குப் பதினாறு வயதில், நான் இளையோர் சாம்பியனான வருடம், அம்மாவிடம் வந்து "பிள்ளையைப் பியர் குடிக்கிறவங்களின்ட விளையாட்டில விடாதேங்கோ தங்கச்சி" என்று சொன்னவர். எனக்கு மயில் இல்லை. முட்டைகூட இல்லை.

அம்மா மயிலைச் சுற்றிச் சின்னத் தையலாகப் போட்டார். அப்பா செத்தபிறகு எங்கள் வீட்டை நடத்தியது இந்தத் தையல்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த மெஷின் சத்தம் கேட்கிறபோது காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

பயிற்சி ஆட்டம், டிலக்சனோடு, மேசை இரண்டில். தோல்வி, தோல்வி, வெற்றி, தோல்வி.

அவன் அடிப்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. இதை யாரும் எழுதமாட்டார்கள், ஆகவே நான் எழுதுகிறேன். நீண்ட தூர அடியில் நான் மேல். கீஸே ஒருமுறை சொன்னார். அவனிடம் இருப்பது ஒன்றுதான். விட்ட பந்தை மறந்துவிடுகிறான். போய்க் கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான். நான் விட்டால் அந்தப் பந்து என்னோடு பஸ்ஸில் வருகிறது, களஞ்சியத்துக்கு வருகிறது, சாப்பாட்டுத் தட்டில் உருளுகிறது.

ஆட்டம் முடிந்து வீட்டுக்குக் கூப்பிட்டான். அவர்கள் வீடு கிளப்பிலிருந்து இரண்டு தெரு. தகப்பன் காளான் பண்ணையில் வேலை. போனேன். தாய் பிட்டும் மீன் குழம்பும் எடுத்து வைத்தார். "சாப்பிட்டுட்டுத்தான் வந்தனான் அன்ரி" என்றேன். பசிக்கவில்லை.

மார்ச் 22, சனி

தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரை இறக்கப் போனேன். அம்மா அனுப்பினார். வான் வண்டியிலிருந்து நான் எடுத்துக் கொடுக்க, குணநாயகம் அங்கிள் அடுக்கினார். அடுக்கும்போது எல்லாம் டிலக்சன் புராணம். பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில் அவனுக்குக் கதிரை. டச்சு நகரசபை உறுப்பினர் ஒருவரும் வருகிறாராம். பிள்ளைகள் அவனிடம் கையெழுத்து வாங்க ஒரு மேசை. மகளை அவனுக்குப் பூங்கொத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம்.

பிறகு பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

"அதுசரி தம்பி, உவன் டிலக்சன்ட ஆக்கள் ஊரில எவடம்? தகப்பனைக் கேட்டனான். மனுசன் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் எண்டுதான் நிக்குது. யாழ்ப்பாணம் பெரிசெல்லே?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். எங்கள் ஊர்தான் அது.

"உங்கட ஊரோ! எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது பார். அதுக்குள்ள எவடம், எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். திருகி முடிந்தபிறகும் திருகினார்.

"ஆ. அப்பிடியே" என்றார். "நீ அவனை மச்சான் எண்டு கூப்பிடுறதைக் கேட்டு நான் வேற மாதிரி நினைச்சிட்டன்."

பிறகு: "அந்தக் கதிரையைப் பிடி."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒரு ஆள் கேட்டால் பதில் சொல்வதுதானே. நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

பயிற்சி இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

நீண்ட தூரச் சிவப்புப் பந்து, மேசை ஐந்து. இருபதில் பதினேழு விழுந்தது. சரிவு மேசையில் பதினேழு.

ஏப்ரல் 2, புதன்

குளிர் திரும்பியிருக்கிறது. சைக்கிள் சங்கிலி அறுந்தது. அம்மாவின் கண்ணாடியை மாற்றக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

ஏப்ரல் 5, சனி

சித்திரை விழாவில் டிலக்சனுக்குப் பாராட்டு இல்லையாம். நேரம் போதாதாம். நடன நிகழ்ச்சிகள் கூடிவிட்டனவாம். இங்கிலாந்துச் செலவு பற்றிச் "செயற்குழுவில கதைக்க வேணும்" என்கிறார்களாம். டிலக்சன் இதைச் சாக் பூசிக்கொண்டே சொன்னான், வேறு யாருக்கோ நடந்ததைப் போல.

"சங்கம் எண்டா உப்பிடித்தான்" என்றேன். "அவங்களுக்கு ஆட்டம் விளங்காது. பரதநாட்டியமும் பட்டிமன்றமும் காணும் அவங்களுக்கு. கேடுகெட்ட கூட்டம் மச்சான்."

உண்மையாகவே கோபத்தோடுதான் சொன்னேன். சங்கத்தைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்பா ஒண்டும் சொல்லேல்லை" என்றான். "கேட்டிட்டுப் போய்க் குளிச்சவர். ஒரு மணித்தியாலம் தண்ணி ஓடிச்சுது."

ஆடினோம். இரண்டுக்கு இரண்டு.

ஏப்ரல் 6, ஞாயிறு

குணநாயகம் அங்கிளின் மகன் வீட்டுக்கு வந்து ஒரு கடிதாசிப் பையைக் கொடுத்துவிட்டுப் போனான். வெயிஸ்ட்கோட். மயிலை மட்டும் கழற்றித் தர வேண்டுமாம். துணியை டிலக்சனிடமே கொடுத்துவிடலாமாம்.

அம்மா கத்தரிக்கோலின் நுனியால் தையலை ஒவ்வொன்றாக வெட்டினார். தான் தைத்ததைத் தானே பிரித்தார். புதுக் கண்ணாடி மூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

"டிலக்சன் ஆக்களின்ட இடம் குணநாயகத்துக்கு ஆர் சொன்னது?" என்று நிமிராமல் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அது பொய் இல்லை. என்னிடம் கேட்டதுபோல வேறு யாரிடமும் கேட்டிருப்பார். யார் சொன்னது கணக்கில் எடுக்கப்பட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"சின்னனில உன்னை அங்க சாப்பிட வேண்டாம் எண்டு சொன்னது நான்தான்" என்றார் அம்மா. "அது என்ர அம்மா எனக்குச் சொன்னது. யோசிக்காமல் சொல்லிப்போட்டன்."

நான் எழும்பிப் போய்ச் சைக்கிளுக்குச் சங்கிலி போட்டேன்.

ஏப்ரல் 12, சனி

சித்திரை விழா. போகவில்லை. வேலை என்று சொல்லிவிட்டேன். வேலை இல்லை.

ஏப்ரல் 16, புதன்

கீஸ் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறார், கிளப் கவுண்டரில். "டீலக்ஸை இங்கிலாந்துக்கு அனுப்புவோம்." பில்லியர்ட்ஸ் கிழவர்கள் காசு போடுகிறார்கள். இந்த மாகாணத்தில் பில்லியர்ட்ஸ் என்றால் குழியே இல்லாத மேசையில் மூன்று பந்தை வைத்து மணிக்கணக்காக இடிப்பது. ஸ்னூக்கரைக் கண்டால் "குழி தோண்டின மேசை" என்று நக்கலடிக்கிற ஆட்கள். அவர்கள் போடுகிறார்கள். கம்பளக் கடைக்காரர் போட்டார். ஒருவருக்கும் அவன் ஊரில் எவடம் என்று தெரியாது, சொன்னாலும் விளங்காது.

நான் போடவில்லை. என் அரையிறுதியை அவனுக்குக் கொடுத்தேனே, அது போதாதா?

ஏப்ரல் 27, ஞாயிறு

டிலக்சன் இப்போதெல்லாம் நான் வராத நேரமாகப் பார்த்து வருகிறான். அல்லது அப்படி எனக்குத் தோன்றுகிறது. அவன் சாக் கட்டி மேசை இரண்டின் விளிம்பில் இன்னும் சூடாக இருப்பதைப்போல இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். சாக் கட்டி எப்படிச் சூடாகும்? விசர்.

கீஸ் சொன்னார், நேற்று அவன் அடுத்தடுத்து மூன்று முறை ஒரே மூச்சில் நூறு புள்ளிக்கு மேல் எடுத்தானாம். கேட்கவில்லை நான். அவராகச் சொன்னார். மகன் நடக்கப் பழகிவிட்டான் என்று சொல்கிற முகத்தோடு சொன்னார். அந்த முகம் ஒருகாலத்தில் எனக்குரியது. என் பதினாறு வயதில் அந்த முகத்தோடு அவர் என்னைப் பற்றித் தொலைபேசியில் ஆம்ஸ்டர்டாமில் யாரிடமோ சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

மே 8, வியாழன்

கையில் பெட்டி விழுந்தது. இடது பெருவிரல் வீக்கம். மேற்பார்வையாளர் "அருண், எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்றார். தொலைபேசியில் ஒருவனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ கிளப்பில் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

மே 17, சனி

நேற்று ஒரு குறுஞ்செய்தி: "சனி பத்து மணி. மேசை 2. போட்டி உடுப்போட வா." முன்பென்றால் கடைசியில் மச்சான் என்று இருக்கும். நேற்று இல்லை.

திங்கட்கிழமை புறப்படுகிறான். கடைசிப் பயிற்சி. போட்டி உடுப்பு என்றால் நீளக்கைச் சட்டை, வெயிஸ்ட்கோட், கறுப்புச் சப்பாத்து. போனேன். அவன் ஏற்கனவே நின்றான். நெஞ்சின் இடது பக்கம் கறுப்புத் துணியில் ஊசித் துளைகள் வட்டமாக. வெளிச்சம் பட்டால் தெரிகிறது.

கதை பேச்சு இல்லை. நாணயத்தைச் சுண்டினான், நான் கேட்டது விழுந்தது, பந்துக் குவியலை நான் உடைத்தேன்.

நன்றாக ஆடினேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. முதல் இரண்டு ஆட்டமும் எனக்கு. மூன்றாவதிலும் நாற்பத்தைந்து புள்ளி முன்னால். கடைசி இரண்டு சிவப்பு இருந்தன. ஒன்று மேல் மூலையில். அதை அடிக்க நான் மேசையின் நடுவில் நீலத்துக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டும். நீட்டினேன். சட்டையின் கைமுனை நீலத்தில் பட்டது.

பட்டது என்றால், அசைந்ததா என்று கேட்டால், ஒரு மயிரளவு. ஆடி, திரும்பத் தன் இடத்தில் நின்றது. டிலக்சன் ஜன்னல் பக்கம் திரும்பித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கீஸ் கீழே. நடுவர் கிடையாது. கிளப்பில் ஆடும்போது உன் பிழையை நீயே சொல்ல வேண்டும். ஆட்டம் பழகிய முதல் நாள் கீஸ் எங்கள் இருவருக்கும் சொன்ன முதல் விஷயம் அது. கியூவைப் பிடிக்கச் சொல்லித்தருவதற்கும் முன்னால்.

நிமிர்ந்தேன்.

"ஃபவுல்" என்றேன்.

அவன் திரும்பினான். போத்தலை மூடினான். மேசையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"எது?"

கீழே யாரோ கம்பளம் சுருட்டுகிற சத்தம் கேட்டது.

"நீலம்" என்றேன். "கை பட்டிட்டுது."

"வேற ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

அவன் காத்துக்கொண்டு நின்றான். ஜன்னலால் வந்த வெயில் அவன் நெஞ்சில் அந்தத் துளைகளில் நின்றது. நான் கியூவின் நுனியில் சாக் பூசினேன், அது என் முறை இல்லை என்பது தெரிந்தும்.

"சரி" என்றான். "நீலத்துக்கு ஐஞ்சு."

என் பிழைக்கான ஐந்து புள்ளியைத் தன் பக்கம் போட்டுக்கொண்டான். பிறகு குனிந்தான். இரண்டு சிவப்பு, இரண்டுக்கும் கறுப்பு, பிறகு மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு. ஒன்றையும் விடவில்லை. ஒரு அடியைக்கூட யோசிக்கவில்லை. அந்த ஐந்தைச் சேர்த்தால் அவன் என்னைத் தாண்டினான். சேர்க்காவிட்டால் இல்லை.

கியூவைப் பிரித்துப் பெட்டியில் வைத்தான். பையிலிருந்து ஒரு பார்சல் எடுத்தான். ஈயத்தாளில் சுற்றியது, இன்னும் சூடு.

"அம்மா உனக்குத் தந்துவிட்டவ. பிட்டு."

"சாப்பிட்டுட்டுத்தான்..." வாய் தானாகத் தொடங்கிவிட்டது.

"...வந்தனான்" என்று அவன் முடித்தான். சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் தாங்கமுடியாதது. "பத்து வருசமாய் நீ சாப்பிட்டுட்டுத்தான் வாறாய் ஆரூரன். நான் உன்ர வீட்டில எத்தினை தரம் சாப்பிட்டிருப்பன் எண்டு உன்ர அம்மாவைக் கேட்டுப்பார்."

இவ்வளவு நாளில் அவன் என்னை ஆரூரன் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஒருவன் என் பெயரைச் சரியாகச் சொன்னான்.

பார்சலை அப்போதுதான் மேலே வந்த கீஸிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். கீஸ் கவுண்டரிலேயே நின்று கையால் சாப்பிட்டார். தேங்காய்ப்பூ தாடியில் ஒட்டியிருந்தது. "இதன் பெயர் என்ன? அருமை. உனக்கு வேண்டாமா?" என்றார்.

"பசிக்கவில்லை" என்றேன்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மே 19, திங்கள்

போய்விட்டான். கீஸ் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றினார். காரில் ஒரு இருக்கை காலி இருந்தது. கேட்டார். வேலை என்றேன். இந்தமுறை வேலை இருந்தது.

மே 23, வெள்ளி

முதல் சுற்று வென்றான். இரண்டாவதும்.

அவன் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். எழுதச் சொன்னது கீஸ், எழுதுகிறேன். களஞ்சியத்துக் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு தொலைபேசியைப் பார்த்தேன். எதிராளி வேல்ஸைச் சேர்ந்த ஒரு நாற்பது வயதுக்காரர், வழுக்கை, மூட்டு வலி உள்ள மாதிரி நடக்கிறார். அவருக்காகக் கடவுளைக் கும்பிட்டேன். அவர் மனைவியை, பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன், இருந்தால். கடவுள் வேல்ஸ் பக்கம் திரும்பவில்லை.

மே 25, ஞாயிறு

மூன்றாம் சுற்று. வென்றான். இடையில் ஒரு இடத்தில், சிவப்பை அடிக்கக் குனிந்தவன் நிமிர்ந்து நடுவரிடம் ஏதோ சொன்னான். சட்டை பட்டுவிட்டதாம். நடுவர் பார்க்கவில்லை, கமராவிலும் தெரியவில்லை. அவனாகச் சொன்னான். வர்ணனையாளர் "நல்ல பண்பு" என்று இரண்டு தரம் சொன்னார்.

யாருக்கு எதைக் காட்டுகிறான்?

மே 27, செவ்வாய்

இன்று பிற்பகல் கடைசிச் சுற்று. மாலை ஷிஃப்ட்டுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளப்புக்குப் போனேன். பெரிய திரை போட்டிருந்தார் கீஸ். பில்லியர்ட்ஸ் கிழவர்கள், கம்பளக் கடைக்காரர், டிலக்சனின் தகப்பன். காளான் பண்ணையின் ரப்பர் சப்பாத்தோடே வந்திருந்தார். பின்வரிசையில் ஒதுங்கி நின்றார். கீஸ் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் இருத்தினார்.

மூன்றுக்கு மூன்று. கடைசி ஆட்டம். பழுப்புப் பந்து ஒன்று. எனக்கு விட்டுப்போன அதே தூரம், அதே கோணம், சத்தியமாக அதே பந்து. யாராவது இருமுவார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இருமவில்லை. அவன் தலை தூக்கவில்லை. பழுப்பு உள்ளே போனது.

பிறகு எல்லாப் பந்தும் போனது. தேறிவிட்டான்.

கிழவர்கள் ஒருவரையொருவர் முதுகில் அடித்தார்கள். கீஸ் அழுதார். டிலக்சனின் தகப்பன் எழும்பவில்லை, கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கைதட்டினேன். வீங்கின பெருவிரல் வலித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் கதிரை உடைந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

தகப்பன் போகும்போது என் முன்னால் நின்றார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, கை வீங்கியிருக்கு. ஐஸ் வையும்" என்றார்.

மே 28, புதன்

காலையில் குணநாயகம் அங்கிள் வீட்டுக்கு வந்தார். கையில் மயில். சங்கத்தின் முகநூலில் "எங்கள் மண்ணின் மைந்தன்" என்று போட்டாயிற்றாம். மண்ணில் எவடம் என்று போடவில்லை. அடுத்த மாதம் பெரிய மண்டபத்தில் பாராட்டு, பொன்னாடை, எல்லாம்.

"தங்கச்சி, பெடியன் வந்ததும் உந்த மயிலை ஒருக்காத் திரும்பத் தைச்சு விடுங்கோ."

அம்மா மெஷினில் ஒரு காற்சட்டையின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். மிதியை நிறுத்தவில்லை.

"பொன் நூல் முடிஞ்சுது" என்றார்.

"கறுப்பில தைச்சாலும் காணும்."

"கறுப்பும் முடிஞ்சுது."

மெஷினில் கறுப்பு நூல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிள் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, நீயாவது சொல்லன். நீ எங்கட ஆளெல்லே" என்றார்.

நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் செய்தேன். அம்மா செய்ததில் பாதிகூட இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

பத்திரிகைக்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். டிலக்சன் இன்னும் இங்கிலாந்தில் நிற்கிறான், தொலைபேசியை எடுக்கவில்லையாம். கீஸ் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

"நீதானே அவனோடு பயிற்சி செய்கிறவன்? முழுப் பக்கம் எழுதுகிறேன். ஒரு சின்ன விபரம் மட்டும் வேண்டும். அவன் குடும்பம் எங்கிருந்து?"

"ஹெல்மண்ட்."

"அது தெரியும். முதலில் எங்கிருந்து? இலங்கை என்று கேள்விப்பட்டேன். அதில் எந்த இடம்? எந்த ஊர், எந்தப் பகுதி? அங்கே ஆட்களுக்குள் ஏதோ பிரிவுகள் இருக்கிறதாமே. வாசகர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும்."

எனக்குத் தெரியும். ஊர் தெரியும், பகுதி தெரியும், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று தெரியும், எந்தக் கிணறு என்றுகூடச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நான் அந்த மண்ணில் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் எல்லாம் தெரியும்.

"தெரியாது" என்றேன்.

"பத்து வருட நண்பன், தெரியாதா?"

"மேசை இரண்டிலிருந்து வந்தவன். அப்படி எழுதுங்கள்."

சிரித்தாள். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவனுடைய பகிடியை நான் அவளுக்கு விற்றுவிட்டேன், அதுவும் அவன் கணக்கில்தான் சேரும். நான் காத்திருந்தேன். அடுத்த கேள்வி வரும் என்று. நீ யார், நீ எங்கிருந்து, உண்மையில் எங்கிருந்து, எதுவாக இருந்தாலும். பதில் நெஞ்சுக்குள் எழும்பி நின்றது.

"நன்றி அருண்" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

கீஸ் மேசை இரண்டின் சாவியை நீட்டினார். "அவனுக்கு இனி இங்கிலாந்தில் மேசை. வருவான், போவான். மற்ற நாளெல்லாம் உனக்கு" என்றார். முதலில் அவனிடம் கேட்டாராம். அவன் சரி என்றானாம். வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். இல்லை என்றார்.

வேண்டாம் என்று சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். வாங்கினேன்.

துணி நன்றாக இருக்கிறது. சரிவு இல்லை. விட்ட பந்து விட்ட இடத்திலேயே நிற்கிறது. இனிமேல் எதற்கும் மேசையைக் குற்றம் சொல்ல முடியாது.

பந்துகளை அடுக்கினேன். நீலத்தை நடுப் புள்ளியில் வைத்தேன். குனிவதற்கு முன் இரண்டு கைச் சட்டையையும் முழங்கைக்கு மேல் மடித்துவிட்டேன்.